கஞ்சி ஸ்டாண்டுக்கு ஒரு பட்டா

"புதுசா ஒண்ணு செஞ்சிருக்கேன், பேட்டன்ட் எடுக்கலாமாண்ணே?" என்று கேட்டுக்கொண்டு மாதத்துக்கு ஒருவராவது என் பட்டறைக்கு வந்துவிடுகிறார்கள். நான் திருக்கோகர்ணத்தில் வெல்டிங் பட்டறை வைத்திருப்பவன். ஜன்னல் கிரில், கேட், தண்ணீர் டேங்க் ஸ்டாண்டு, இதுதான் தொழில். வக்கீலும் இல்லை, வாத்தியாரும் இல்லை. ஆனால் அந்த வழியாகப் போய்த் திரும்பியவன் என்று எப்படியோ பெயர் பரவிவிட்டது. போன மாதம் ஒருவர் தேங்காய் உரிக்கிற கம்பியோடு வந்தார். அதற்கு முந்தி ஒருவர், மாட்டுத் தொட்டியில் தண்ணீர் தானாக நிரம்புகிற மிதவையோடு. கேள்வியைக் கேட்டதுமே எனக்குச் சுள்ளென்று வருகிறது. அவர்கள்மேல் இல்லை. எனக்கு வந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை, அவ்வளவுதான்.

என் மனைவி கல்யாண மண்டபங்களுக்குச் சமையல் வேலைக்குப் போகிறவள். ஐந்நூறு பேர் சாப்பாடு என்றால் சோறு பெரிய பெரிய அண்டாக்களில் வேகும். வெந்ததும் மூடியை ஈரத்துணியால் இறுக்கிப் பிடித்து, ஆளுக்கொரு பக்கம் நின்று, அண்டாவைச் சாய்த்துக் கஞ்சியை வடிக்க வேண்டும். இரண்டு பேரும் ஒரே மாதிரி சாய்க்க வேண்டும். ஒரு முகூர்த்தத்தன்று கூடப் பிடித்தவளுக்குத் துணி நழுவிவிட்டது. கஞ்சி என் மனைவியின் இடது பாதத்தில் கொட்டியது. வெந்நீர் கொட்டினாலும் வழிந்து போய்விடும். கஞ்சி அப்படியில்லை, ஒட்டிக்கொண்டு வேகும். மூன்று மாதம் அவள் காலைக் கீழே ஊன்றவில்லை.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. யார்மேல் என்று சொல்லத் தெரியாத கோபம். இத்தனை காலமாகச் சோறு வடிக்கிறோம், ஒருத்தனுக்காவது இதற்கு ஒரு வழி பண்ணத் தோன்றவில்லையே என்று பட்டறையில் உட்கார்ந்து திட்டிக்கொண்டே இருந்தேன். திட்டித் திட்டி அலுத்த பிறகுதான், நாம் இரும்போடு குடித்தனம் நடத்துகிறவன்தானே, நாமே செய்தால் என்ன என்று தோன்றியது.

செய்தது பெரிய இயந்திரம் ஒன்றும் இல்லை. நாலு கால். அண்டா உட்கார ஒரு வளையம். வளையத்தின் இரண்டு பக்கமும் அச்சு, பின்பக்கம் ஒரு நீளக் கைப்பிடி. ஒரே ஆள் பின்னால் நின்று அழுத்தினால் அண்டா முன்பக்கம் சாயும், கஞ்சி அந்தப் பக்கம் போகும். இவ்வளவை யார் வேண்டுமானாலும் செய்துவிடுவார்கள். என்னைப் படாத பாடு படுத்தியது மூடி. துளை போட்ட மூடியைக் கொக்கி போட்டு மாட்டினால், சாய்க்கும்போது சோறு முட்டித் தள்ளிக்கொண்டு வந்துவிட்டது. இரண்டு தடவை எல்லாவற்றையும் அறுத்துப் போட்டேன். மூன்றாவது தடவை மூடியோடு ஒரு எடைக் கம்பியை இணைத்தேன். எவ்வளவு சாய்க்கிறோமோ அவ்வளவு மூடி இறுகும். நிமிர்த்தினால் தானாகத் தளரும். அன்றைக்கு நான் பட்டறையில் தனியாகச் சிரித்தேன் என்றால் நம்ப வேண்டும்.

எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. புது மாதிரியாக எதைச் செய்தாலும் முதல் உருப்படி குலசாமிக்குத்தான். புது டிசைனில் முதல் கேட் அடித்தபோது அது கோயில் மடப்பள்ளிக்குப் போனது. முதல் விளக்குத் தண்டும் அப்படித்தான். அதனால் கஞ்சி ஸ்டாண்டும் அந்த ஆடியில் ஐயனார் கோயிலுக்குப் போனது. சும்மா போகவில்லை. முன்பக்கத் தகட்டில் சிவப்பு எனாமலில் என் கைப்பட எழுதினேன்: உபயம், என் பெயர், பட்டறை பெயர், போன் நம்பர், மாதம், தேதி, வருஷம். எழுத்து கொஞ்சம் பெரிதாகவே இருக்கும். ஆடிப் படையலுக்கு வந்த ஊர்ச்சனம் அத்தனையும் சாப்பாட்டுக்கு முந்தி அதைச் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தது. என் மனைவி ஒற்றை ஆளாக நின்று ஏழு அண்டா வடித்தாள்.

கையில் இலையோடு நின்ற பங்காளி முறைத் தம்பி ஒருவன், இன்ஜினியரிங் காலேஜில் பாடம் எடுப்பவன், அப்போதுதான் அந்தச் சொல்லை என் காதில் போட்டான். "அண்ணே, இதை மொதல்ல பேட்டன்ட் பண்ணிருங்க. விட்டீங்கன்னா எவனாச்சும் அடிச்சு வித்துருவான்." சொல்லிவிட்டு இலையை இடது கைக்கு மாற்றி, போனை எடுத்து, ஸ்டாண்டைப் படம் பிடித்து, 'எங்க அண்ணன் கண்டுபிடிப்பு' என்று ஸ்டேட்டஸ் போட்டான். இரண்டையும் ஒரே நிமிஷத்தில் செய்தான். காலேஜில் பாடம் எடுக்கிறவன்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் பேட்டன்ட் என்றேன். "என்னது, பட்டாவா? நெலத்துக்குத்தானே பட்டா குடுப்பாக?" என்றாள். நான் விளக்கினேன். கேட்டுவிட்டு, "அதாங்க, பட்டாதான்" என்று முடித்துவிட்டாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் பட்டா. அவளைக் கேலி செய்தேனே தவிர, என் மண்டைக்குள்ளும் அது பட்டாவாகத்தான் உட்கார்ந்திருந்தது என்பது எனக்குத் தெரியவில்லை. எங்கள் குடும்பத்தில் ஒரு துண்டுப் புஞ்சைக்காக என் அப்பா பல வருஷம் தாலுகா ஆபீசுக்கு நடந்தார். கடைசியில் ஜெயித்தது எதனால்? அவர் அதில் ஏர் ஓட்டியதை ஊரே பார்த்திருந்தது, ஊரே வந்து சொன்னது. நாலு பேர் கண்ணெதிரே அனுபவித்தால்தான் ஒரு பொருள் நம்முடையது. எனக்குத் தெரிந்த சட்டம் அது ஒன்றுதான்.

அடுத்ததாக மனைவிக்கென்று இரண்டாவது ஸ்டாண்டைச் செய்தேன். ஆனால் அதை மண்டபத்துக்கு அனுப்பவில்லை. மண்டபத்துக்கு எவன் எவனோ வருவான், பாத்திர வாடகைக்காரன் வருவான், ஒரு பார்வையில் அளவெடுத்துக்கொண்டு போய்விடுவான். ஊர்க்காரன் பார்த்தால் சாட்சி, வெளியாள் பார்த்தால் களவு. இப்படி ஒரு கணக்கு. பட்டறையின் பின்பக்கம் தார்ப்பாய் போட்டு மூடி வைத்தேன். அவள் பழையபடி ஈரத்துணியோடு வேலைக்குப் போனாள்.

"எனக்குன்னு செஞ்சதா சொன்னீங்க. எனக்கே காட்ட மாட்டேங்குறீங்க" என்றாள் ஒருநாள்.

"பட்டா வரட்டும். பெறகு ஒனக்கு என்ன, மாவட்டத்துக்கே குடுப்போம்" என்றேன்.

ஆவணியில் என் கொழுந்தியா வந்தாள். மனைவியின் தங்கை. அவள் கணவர் சிங்கப்பூரில். இவள் கீரனூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு மெஸ் நடத்துகிறாள். திருச்சிக்கு வேலைக்குப் போகிறவர்கள் காலையில் பார்சல் வாங்கிக்கொண்டு பஸ் ஏறுவார்கள். உதவிக்கு ஆள் நிற்பதில்லை. ஆடிப் படையலில் அந்த ஸ்டாண்டைப் பார்த்ததிலிருந்து அவளுக்கு அதன்மேல் கண்.

"மச்சான், எனக்குச் சின்ன சைசுல ஒண்ணு செஞ்சு குடுங்க. ஒத்த ஆளா வடிக்க முடியல. இடுப்புல அண்டாவைச் சாச்சு வச்சுக்கிட்டுக் கெடந்து சாகுறேன்."

"செய்யாம எங்க போறேன்? கொஞ்சம் பொறு ஆத்தா. ஒன் மெஸ்சு பஸ் ஸ்டாண்டுல இருக்கு. அங்க வச்சா நாளைக்கே திருச்சியில விப்பான். பட்டா வந்ததும் மொத ஸ்டாண்டு ஒனக்குத்தான்."

"எப்ப மச்சான் வரும்?"

"வந்துரும்."

அவள் அதற்குமேல் கேட்கவில்லை. கேட்கிற சுபாவம் இல்லை அவளுக்கு.

அதற்குப் பிறகு ஆறு மாதம் நான் பட்டது ஒரு பிழைப்பா? பேட்டன்ட் எடுப்பதற்கு இது தகுமா, தகாதா? காலையில் தகும் என்று தோன்றும். மத்தியானம் சாப்பிட்டு எழுந்தால் தகாது என்று தோன்றும். பட்டறைக்குப் போல்ட்டு, கம்பி வாங்குகிற ஹார்டுவேர் கடை பாயிடம் யோசனை கேட்டேன். அவர் மீமிசல் பக்கத்துக்காரர், வியாபாரம் தெரிந்தவர். படம் வரைந்து காட்டாமல், கையாலேயே காற்றில் சைகை காட்டி விளக்கினேன். படத்தைக் காட்டினால் அவரே செய்துவிடுவாரோ என்று பயம். முப்பது வருஷப் பழக்கம், அவர்மேலேயே சந்தேகம்.

அவர் பொறுமையாகக் கேட்டார். "அண்ணே, நான் சொன்னாக் கோவிச்சுக்காதீங்க. நாலு ஆங்கிளு, ஒரு வளையம். பாக்குறவன் வீட்டுக்குப் போயி அடிச்சுக்கிருவான். நீங்க காயிதத்தை வச்சுக்கிட்டு எத்தனை பட்டறைக்குப் பின்னாடி ஓடுவீங்க? கேசு நடத்த நமக்கு ஏது நேரம்? இப்பவே அடிச்சு வித்துப் போடுங்க. நல்லா அடிக்கிறவன்கிட்டதான் வாங்குவான்."

நான் கோபித்துக்கொண்டேன். லேசான பொருள் என்று சொன்னதுதான் என்னைக் குத்தியது. பார்க்கிறவனுக்கு லேசு. இரண்டு தடவை அறுத்துப் போட்டவனுக்கல்லவா தெரியும்! லேசாக இருப்பதுதானே அதன் விசேஷம்? கஷ்டமாக இருந்தால் எவன் வாங்குவான்? இதையெல்லாம் அவரிடம் சொல்லவில்லை. ஒரு கிலோ போல்ட்டை வாங்கிக்கொண்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். இன்றைக்கு யோசித்தால், அந்த ஆறு மாதத்தில் எனக்குக் கிடைத்த ஒரே உருப்படியான வார்த்தை அதுதான்.

திருச்சியில் பேட்டன்ட் வேலை பார்க்கிற ஒரு வக்கீலம்மாவின் ஆபீஸ் கிடைத்தது. முதல் தடவை போனபோது அந்தம்மா இல்லை. ஆபீசில் இருந்தவர் ஒரு படிவத்தைக் கொடுத்து, படம் வரைந்து கொண்டுவரச் சொன்னார். நான் வரைந்தேன். இது படம் இல்லை, கோலம் என்பதுபோல் பார்த்தார். காலேஜ் தம்பியைப் பிடித்துக் கம்ப்யூட்டரில் வரைய வைக்க ஒரு மாதம். அவன் மூடியைத் தலைகீழாக வரைந்து அதைத் திருத்த இன்னும் ஒரு மாதம். நடுவில் ஆபீசிலிருந்து போன் வந்தது. "இதை வெளிய யாருக்கும் குடுக்கலையே? விக்கலையே?" என்று கேட்டார்கள்.

"இல்லைங்க" என்றேன்.

பொய் சொல்லவில்லை. கோயிலுக்குக் கொடுத்தது என் நினைவில் இல்லாமலும் இல்லை. சாமி என்ன வெளியாளா?

மாசியில் ஒரு முகூர்த்த நாள். கீரனூர் மெஸ்சில் வழக்கத்தைவிட அதிகமாகப் பார்சல் கேட்டிருந்தார்கள் போலிருக்கிறது. கொழுந்தியா பெரிய அண்டாவில் உலை வைத்து, தனியாக வடிக்கப் பார்த்திருக்கிறாள். மூடி விலகிக் கஞ்சி வலது கையில் முழங்கை வரைக்கும் கொட்டிவிட்டது. பக்கத்துக் கடைக்காரர்கள்தான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். செய்தி வந்தபோது நான் கிரில் ஒன்றுக்கு வெல்டிங் வைத்துக்கொண்டிருந்தேன். என் மனைவி போனைக் காதில் வைத்தபடியே தார்ப்பாயைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை.

பத்து நாள் கழித்துக் கட்டோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். விரல்கள் முன்போல் நீளுமா என்பது ஆறின பிறகுதான் தெரியும் என்றார் டாக்டர். என் மனைவி அங்கேயே போய்த் தங்கிவிட்டாள். இந்த நேரத்தில்தான் வக்கீலம்மாவைப் பார்க்க நாள் கிடைத்தது. போகாமல் இருந்திருக்கலாம். போனேன். இப்போதாவது காரியத்தை முடித்துவிட்டால், அந்தப் பிள்ளைக்குச் சொன்ன வார்த்தையைக் காப்பாற்றலாம் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். மனைவியிடம் போனில் சொன்னபோது, "அவ இங்க கெடக்கா, நீங்க பைலைத் தூக்கிக்கிட்டு அங்கிட்டுப் போறீங்க. நல்லாருக்கு" என்று வைத்துவிட்டாள். திருச்சி பஸ் கீரனூரில் நின்றது. ஜன்னல் வழியாகப் பூட்டியிருந்த மெஸ்சைப் பார்த்தேன். இறங்கவில்லை.

வக்கீலம்மா நல்ல மாதிரி. படங்களைப் பொறுமையாகப் பார்த்தார். மூடியில் உள்ள எடைக் கம்பியை இரண்டு தடவை விளக்கச் சொன்னார். "இது நல்லா யோசிச்சது. இதுலதான் விஷயம் இருக்கு" என்றார். ஆறு மாதத்தில் முதல்முறையாக ஒருத்தர் என் மூளையை மதித்துப் பேசியது அப்போதுதான். "நெஜமாச் செஞ்சதோட போட்டோ எதுவும் இருக்கா?" என்று கேட்டார்.

என்னுடையது தார்ப்பாய்க்குள் இருந்ததால் என் போனில் இருந்தது கோயில் படம்தான். அதை எடுத்து நீட்டினேன். சந்தோஷமாகவே நீட்டினேன். இதைவிட நல்ல ஆதாரம் ஏது?

அந்தம்மா படத்தைப் பெரிதாக்கினார். "இது என்ன எழுத்து?"

"உபயம் மேடம். நானே எழுதுனது. தேதியோட இருக்கு பாருங்க. நான்தான் மொதல்ல செஞ்சேன்கிறதுக்கு ஊரே சாட்சி."

அவர் போனை மேஜைமேல் வைத்தார். "இது எப்ப வச்சது?"

"போன ஆடியில."

"கோயிலுக்கு யார் வேணும்னாலும் வரலாமா?"

"வராம? ஊர் பூராம் வந்து சாப்பிட்டுச்சு."

"ஐயா, வெளிய குடுக்கலைன்னு சொன்னீங்களே?"

"விக்கலை மேடம். சாமிக்குத்தானே குடுத்தேன்."

அவருக்குச் சிரிப்பு வந்ததா, வருத்தம் வந்ததா என்று தெரியவில்லை. மெதுவாகச் சொன்னார். விண்ணப்பம் போடுவதற்கு முந்தி நாலு பேர் பார்க்கிற இடத்தில் வைத்து ஓட்டிவிட்டால் அது புதுசு இல்லை. விற்றிருக்க வேண்டும் என்பதில்லை. பார்த்தவர்கள் அதிகமாக அதிகமாக உரிமைக்கு ஆபத்துதான் அதிகம். ரகசியமாக வைத்திருந்து முதலில் காகிதம் போட்டிருக்க வேண்டும். இப்போது யாராவது எதிர்த்தால் இந்த எழுத்தே போதும். "நிலத்துக்கு சாட்சி வேணும்ங்க. இதுக்கு சாட்சி இருந்தாத்தான் போச்சு. இதுக்கு மேல செலவு பண்ணாதீங்க" என்றார்.

எனக்கு எதையாவது தூக்கி எறிய வேண்டும்போல் இருந்தது. யார்மேல் எறிவது? அந்தம்மா உண்மையைச் சொன்னார். மூடியைத் தலைகீழாக வரைந்த தம்பி என் நல்லதுக்குத்தான் சொன்னான். சிவப்பு எனாமலைத் தொட்டுத் தொட்டு, எழுத்து வளையாமல், தேதியோடு எழுதியவன் நான். என்னை நானே காட்டிக்கொடுத்து, கீழே போன் நம்பரும் போட்டிருக்கிறேன். தகுமா தகாதா என்று மண்டையை உடைத்துக்கொண்ட ஆறு மாதமும், தகும் தகாது என்ற பேச்சுக்கே இடம் இல்லாமல் போயிருந்தது. தார்ப்பாய்க்குள் நான் மறைத்து வைத்தது ஒன்றுமே இல்லை. ஏற்கெனவே ஊருக்கெல்லாம் சொந்தமாகிவிட்ட ஒரு பொருளை என் மனைவிக்கும் கொழுந்தியாவுக்கும் மட்டும் இல்லை என்று சொல்லியிருக்கிறேன்.

திரும்பும்போது கீரனூரில் இறங்கினேன்.

கொழுந்தியா கட்டிலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வலது கை தலையணைமேல், வெள்ளைக் கட்டோடு. என் மனைவி மருந்துக் கடைக்குப் போயிருந்தாள். என்னைப் பார்த்ததும் கொழுந்தியா எழுந்திருக்கப் பார்த்தாள். வேண்டாம் என்றேன். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். என் கையில் பைல் இருந்தது.

"பட்டா வந்துருச்சா மச்சான்?" என்றாள். முகத்தில் ஒரு ஆவல்கூட இருந்தது.

"வராது ஆத்தா. ஆடியில கோயில்ல வச்ச அன்னைக்கே போயிருச்சாம்."

"போயிருச்சுன்னா?"

"இனிமே அதை யாரு வேணும்னாலும் செய்யலாமாம். நமக்குன்னு உரிமை கெடையாது."

அவள் கையைத் தலையணைமேல் கொஞ்சம் நகர்த்தி வைத்துக்கொண்டாள்.

"அப்ப நான் ஆவணியில கேட்டப்பவே செஞ்சு குடுத்துருக்கலாமா மச்சான்?"

குத்திக் காட்டக் கேட்கவில்லை. புரியாததைத்தான் கேட்டாள். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். ஏதாவது திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"சரி விடுங்க. வெயில்ல வந்துருக்கீங்க, மோரு குடிங்க" என்றாள். பக்கத்து ஸ்டூலில் மூடி வைத்திருந்த டம்ளரை இடது கையால் எடுத்தவள், இடது கையால் மச்சானுக்குக் கொடுக்கக் கூசி, கட்டுப் போட்ட கையைப் பார்த்துவிட்டு, டம்ளரை மறுபடியும் ஸ்டூலிலேயே வைத்தாள். நானே எழுந்து போய் எடுத்துக்கொண்டேன்.